இலவசக் கல்வியும் கட்டாயக் கல்வியும்

2018ஆம் ஆண்டில் ஒரு நாள், காலை பத்து மணியளவில், மலைநாட்டுப் பட்டினம் ஒன்றின் பஸ் நிலையத்தை அடுத்திருந்த தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தேன். வார நாள். பாடசாலை நடைபெறும் நேரம். கண்ணாடிக் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்த பையனுக்குப் பதினைந்து வயதிருக்கலாம். கடைக்காரரிடம், "இந்தப் பிள்ளை பாடசாலைக்குப் போவதில்லையா?" என்று கேட்டேன். அவர் சினங்கொள்ளவில்லை. "ஐயா, பதினாலு முடிஞ்ச பையனைத்தான் வேலைக்கு வைத்திருக்கிறேன். சட்டம் எனக்கும் தெரியும்" என்றார்.

அவர் கூறியது மெய்யே. தொழிற் சட்டம் வகுத்திருந்த வயதெல்லையை மட்டும் நோக்கினால், அந்நாளில் அவர் மீது குற்றங் காண இடமில்லை. ஆனால், அதே பட்டினத்துப் பாடசாலை அதிபர் ஒருவர் அங்கு வந்து, "பதினாறு வயது நிரம்பாத இந்தப் பிள்ளை வகுப்பறையில் இருக்க வேண்டும், அதுவே சட்டம்" என்று சொல்லியிருந்தால், அதுவும் மெய்யாகவே இருந்திருக்கும். ஒரு பிள்ளையை ஒரு சட்டம் பள்ளிக்கு அழைக்க, மற்றொரு சட்டம் கடையில் நிற்க இடங்கொடுத்தது. இந்த முரண் எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராயப் புகுந்தால், நம் நாட்டுக் கல்வி வரலாற்றின் பெரும்பகுதியையே சொல்ல வேண்டியதாகும்.

இலவசக் கல்வி, கட்டாயக் கல்வி என்னும் இரண்டு தொடர்களையும் நாம் ஒரே மூச்சிற் சொல்லிப் பழகிவிட்டோம். அவை இரட்டைப் பிள்ளைகள் அல்ல. இலவசம் என்பது அரசாங்கம் தன் தலைமேல் ஏற்றுக்கொள்ளும் கடமை. கட்டாயம் என்பது அரசாங்கம் பெற்றோர் தலைமேல் ஏற்றும் கடமை. முன்னதற்குப் பணம் வேண்டும். பின்னதற்கு அதிகாரம் வேண்டும். அதிகாரம் கையிலிருந்து பணம் கொடுக்க மனமில்லாத அரசுகளும் இருந்தன. பணத்தைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைப் பயன்படுத்தத் தயங்கிய அரசுகளும் இருந்தன.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். 1870ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்நாட்டில் ஊர்தோறும் ஆரம்பப் பாடசாலைகள் அமைய வழி பிறந்தது. 1880இல் ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகள் பாடசாலைக்குப் போவது கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் வாரந்தோறும் பிள்ளை கையிற் கொண்டுபோக வேண்டிய சில பென்னிகள் ஒழியவில்லை. கூலிக்காரன் ஒருவனுக்கு நான்கு பிள்ளைகள் இருந்தால் அந்தப் பென்னிகளே பெருஞ் சுமை. பள்ளிக்கு அனுப்பாவிடில் நீதிமன்றத்தில் அபராதம். அனுப்பினால் வீட்டில் ரொட்டி குறையும். 1891இல் அரசாங்கம் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுதோறும் பத்துச் சிலிங் வீதம் மானியம் கொடுக்க முன்வந்த பின்னரே பெரும்பாலான ஆரம்பப் பாடசாலைகளிற் கட்டணம் மறைந்தது.

யப்பான் தேசத்தின் கதை இன்னும் சுவையானது. 1872இல், கல்லாத குடும்பம் உள்ள ஒரு கிராமமும், கல்லாத ஒருவர் உள்ள ஒரு குடும்பமும் இருத்தலாகாது என்று அவ்வரசு பிரகடனஞ் செய்தது. கொள்கை உயர்ந்ததுதான். ஆனால் பாடசாலைச் செலவு குடிகளின் தலையில் விழுந்தது. வயலில் நிற்க வேண்டிய பிள்ளையையும் இழந்து, அதற்குக் கட்டணமும் செலுத்துவதா என்று உழவர்கள் கொதித்தார்கள். சில இடங்களிற் பாடசாலைகளுக்கே தீ மூட்டினார்கள். 1900ஆம் ஆண்டில், நான்கு வருட ஆரம்பக் கல்விக்குக் கட்டணமில்லை என்று விதித்த பின், சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பள்ளியில் இருந்தனர். இந்தியாவிலே பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட், 1893இல் அம்ரேலிப் பகுதியிற் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1906இல் தமது சமஸ்தானம் முழுவதிலும் இலவசமும் கட்டாயமும் ஆன ஆரம்பக் கல்வியை ஏற்படுத்தினார். அந்த முன்மாதிரியைச் சுட்டிக்காட்டி, கோபால கிருஷ்ண கோகலே 1911இல் பிரித்தானிய இந்தியாவின் சட்டசபையிற் கொண்டுவந்த மசோதா மறு ஆண்டில் தோற்கடிக்கப்பட்டது. ஒரு சுதேச மன்னரால் இயன்றது ஒரு சாம்ராச்சியத்தால் இயலவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

1869இல் அரசாங்கக் கல்விப் பகுதி இங்கு நிறுவப்பட்டது. அதன் பின், அரசாங்கம் தானே நடத்திய பாடசாலைகளோடு, மிஷனரிமாரும் பின்னர் சைவ, பௌத்த, முஸ்லிம் சங்கங்களும் நடத்திய பாடசாலைகளுக்கு உதவி நன்கொடை வழங்கும் முறை வேரூன்றியது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே 1923இல் எழுந்த சைவ வித்தியா விருத்திச் சங்கம் நிறுவிய பாடசாலைகளை மூத்த நேயர்கள் பலர் அறிவார்கள். இங்கே ஒரு செய்தியை மனத்தில் இருத்த வேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் கற்பித்த சுயபாஷைப் பாடசாலைகளில் அக்காலத்திலேயே கட்டணம் இல்லை. ஆங்கிலப் பாடசாலைகளிலே கட்டணம் உண்டு. ஆகவே, "இலவசக் கல்வி 1945இற் பிறந்தது" என்று நாம் சொல்லும்போது பாதி உண்மையையே சொல்கிறோம். ஏழைப் பிள்ளைக்கு இலவசமாகக் கிடைத்தது ஒரு குட்டை ஏணி. அது ஐந்தாம் ஆறாம் வகுப்போடு, மிஞ்சினால் சுயபாஷை ஆசிரியர் பதவியோடு முடிந்துவிடும். நியாயவாதி, வைத்தியர், கச்சேரி உத்தியோகத்தர் என்னும் உயரங்களுக்குச் செல்லும் நெட்டேணி ஆங்கிலப் பாடசாலையில் இருந்தது. அதன் முதற்படியிலேயே கட்டணம் கேட்டார்கள். இரண்டு ஏணிகளுக்கும் இடையே பாலம் இல்லை.

கட்டாயமும் ஏட்டளவில் இருந்தது. 1906, 1907ஆம் ஆண்டுகளிற் பட்டினங்களுக்கும் கிராமங்களுக்கும் தனித்தனியே கட்டளைச் சட்டங்கள் பிறந்தன, 1920இல் மற்றொன்று, 1939இல் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம். இந்தக் கடைசிச் சட்டமே எத்தனையோ திருத்தங்களுடன் இன்றும் நம் கல்விக்கு அடித்தளமாக இருந்து வருகின்றது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புமாறு பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் விதிகளை ஆக்க அது அதிகாரம் வழங்கியது. அந்த அதிகாரத்துக்கு நேர்ந்த கதியைப் பின்னர்ச் சொல்வேன்.

1931இல் டொனமூர் அரசியற் திட்டத்தின் கீழ் எல்லார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. அரசாங்க சபை அமைந்தது. அதன் கல்வி நிருவாகக் குழுவின் தலைவராகவும் நாட்டின் முதற் கல்வி மந்திரியாகவும் வந்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அம்பலாங்கொடையை அடுத்த ரன்தொம்பைக் கிராமத்தில் 1884இற் பிறந்தவர். உள்ளூர் மிஷன் பாடசாலையிற் படித்துக்கொண்டிருந்த சிறுவனின் திறமையைக் காலி றிச்மன்ட் கல்லூரி அதிபர் டரல் பாதிரியார் கண்டார். புலமைப்பரிசில் ஒன்று கிடைத்திராவிடில் அவரும் அந்தக் குட்டை ஏணியிலேயே நின்றிருப்பார். தாம் ஏறிவந்த அந்த ஒற்றை வாயிலை அவர் மறக்கவில்லை. மந்திரியானவர்கள் எல்லாரும் தாம் வந்த வழியை நினைவில் வைத்திருப்பதில்லை. ஆதலின் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1940இல் அவர் தலைமையில் விசேட குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1943இல் அதன் அறிக்கை வெளியாயிற்று. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கட்டணமற்ற கல்வி, ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழி, பிள்ளையின் இயல்புக்கேற்ப வேறுபட்ட இடைநிலைப் பாடசாலைகள் என்று அது விரிந்து சென்றது. 1944 மே மாதத்தில் அவர் அரசாங்க சபையில் இத்திட்டத்தை முன்வைத்துப் பேசினார். செங்கல்லாற் கிடந்த உரோமாபுரியைச் சலவைக்கல் நகரமாக்கினேன் என்று அகுஸ்து மன்னன் பெருமைப்பட்டான் அல்லவா? அதனினும் மேலாக, விலையுயர்ந்து கிடந்த கல்வியை மலிவாக்கினோம், மூடிக்கிடந்த ஏட்டைத் திறந்துவைத்தோம், செல்வரின் முதுசொத்தாக இருந்ததை ஏழையின் உரிமையாக்கினோம் என்று இந்தச் சபை சொல்லக்கூடுமானால் அது எத்துணைப் பெருமை என்பது அவருடைய உரையின் சாரம். இந்த உவமை இங்கிலாந்தின் புரூம் பிரபு சட்டத் திருத்தத்தைப் பற்றி 1828இல் ஆற்றிய உரையிலிருந்து எடுக்கப்பட்டது. கடன்வாங்கிய அணிதான், ஆனால் உரியவரிலும் பார்க்கக் கடன் வாங்கியவருக்கே அது நன்றாகப் பொருந்தியது.

எதிர்ப்பு இல்லாமலா? செலவு மலைபோல வளரும் என்றார்கள். கட்டணம் வாங்கும் உரிமையை இழந்தால் தங்கள் பாடசாலைகளின் தனித்தன்மை அழியும் என்று சமய நிறுவனங்கள் அஞ்சின. கத்தோலிக்க திருச்சபை கடுமையாக எதிர்த்தது. எல்லாரும் படித்துவிட்டால் வயலில் இறங்க யார் இருப்பார்கள் என்று கேட்டவர்களும் உண்டு. இந்த வினாவை அவர்களில் எவரும் தம் சொந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதில்லை என்பது கவனிக்கத்தக்கது. வட பகுதியிலே ஹண்டி பேரின்பநாயகம் முதலிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்காரர் தாய்மொழிக் கல்விக்கும் சமத்துவத்துக்கும் நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வந்தனர். ஈற்றில், 1945 ஒக்டோபர் முதலாந் தேதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது.

கட்டணத்தை நீக்கியதோடு கன்னங்கரா நின்றிருந்தால் பயன் அரைவாசியாகவே இருந்திருக்கும். கிராமத்துப் பிள்ளைக்கு அருகில் நல்ல பாடசாலை இல்லை. ஆகவே மத்திய பாடசாலைகளை ஊர்ப்புறங்களிலே நிறுவினார். விடுதிச் சாலை, விஞ்ஞான ஆய்வுகூடம், நூல்நிலையம் எல்லாம் பட்டினத்துக் கல்லூரிகளுக்கு மட்டும் உரியன அல்ல என்பதை அவை காட்டின. அவர் பதவியிலிருந்து நீங்கும்போது அத்தகைய பாடசாலைகள் 54 இருந்தன. ஐந்தாம் வகுப்பு முடித்த ஏழைப் பிள்ளைகளுள் திறமைசாலிகளைப் பரீட்சை மூலம் தெரிந்து, உண்டியும் உறையுளும் கொடுத்து அங்கே படிக்க வைத்தார்கள். இன்றைய ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் முன்னோடி அதுவே. 1950களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்த மாணவர் பலரின் தந்தையர் வயலிலும் கடலிலும் உழைத்தவர்கள். இத்தனையும் செய்தவர் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மத்துகமைத் தொகுதியில் தோற்றார். வாக்காளர்கள் நன்றி பாராட்டுவதற்காக வாக்களிப்பதில்லை.

கட்டணம் ஒன்றே தடையாக இருந்ததில்லை என்பதை வடபகுதியார் நன்கு அறிவார்கள். 1930ஆம் ஆண்டளவில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமான ஆசனத்தில் இருக்க வேண்டும் என்று கல்விப் பகுதி வற்புறுத்தியது. அதுவரை சில பிள்ளைகள் வெறுந்தரையில் இருத்தப்பட்டனர். சிலர் வாயிலுக்கே வர முடியவில்லை. சம ஆசன விதி வந்தபோது யாழ்ப்பாணத்திற் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. யப்பானிய உழவன் கட்டணத்துக்கு அஞ்சிப் பள்ளியைக் கொளுத்தினான் என்றால் ஒருவாறு விளங்கிக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு பிள்ளை வாங்கில் உட்கார்வதைப் பொறாமற் கொளுத்தியதற்கு என்ன சமாதானம் சொல்வது? அரசாங்கம் கதவைத் திறந்தாலும், ஊர் அதை அடைத்துவிட முடியும்.

எனினும் ஊர்ப் பிள்ளைக்கு ஒரு கதவாவது இருந்தது. மலைநாட்டுத் தோட்டப் பிள்ளையின் நிலை வேறு.

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குச் சுயபாஷைக் கல்வி வழங்குவது தோட்டத் துரையின் கடமை என்று 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமே கூறியது. கடமைக்கு உரிய வயது ஆறிலிருந்து பத்து வரை. ஊர்ப் பிள்ளைக்கு ஓரளவு நீண்ட ஏணி. தோட்டப் பிள்ளைக்கு நான்கு படி. பத்து வயதான பின் அந்தப் பிள்ளை மலையிலே கொழுந்து கிள்ளவோ புல்லு வெட்டவோ போகலாம் என்பதே அதன் உட்கருத்து. பாடசாலை என்று சொல்லப்பட்டது பெரும்பாலும் ஒரே மண்டபம். ஐந்து வகுப்பும் அதற்குள்ளேயே. ஒரே ஆசிரியர், அவரும் சில தோட்டங்களிற் கணக்கெழுதுவது போன்ற பிற வேலைகளையும் பார்த்தார். காலையிற் பிரட்டுக் களத்திலே பேர் கொடுத்துவிட்டு மலைக்குச் செல்லும் தாய், கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விடுவாள். மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு லயத்திலேயே இருந்துவிடுவாள். அந்தப் பெண்பிள்ளையைப் பள்ளியிற் காணவில்லை என்று எந்த உத்தியோகத்தரும் தேடி வந்ததில்லை.

1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே இருந்தன. 1947ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவற்றை அரசாங்கப் பொறுப்பிற் கொண்டுவர வழிவகுத்தபோதிலும், நடைமுறையில் மிகச் சிலவே மாறின. மறு ஆண்டில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அந்த மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். அடுத்து வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதவருடைய பிள்ளையின் பாடசாலைக்குக் கூரை போடப் பாராளுமன்றத்தில் யார் எழுந்து பேசுவார்? 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. நாடே இரண்டுபட்டு விவாதித்த அந்தப் பெருமாற்றத்திலும் தோட்டப் பாடசாலைகள் சேர்க்கப்படவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளிற் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, அந்தப் பத்தாண்டில் அவை படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகள் ஆயின. கன்னங்கராவின் கதவு மலைநாட்டுப் பிள்ளைக்குத் திறக்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சென்றன. ஒரு தலைமுறை முழுவதும் அதற்குள் கைக்கூடையைத் தூக்கிவிட்டது.

அதன் பின் சுவீடன் நாட்டின் உதவியோடு தோட்டப் பாடசாலைக் கட்டடங்கள் பல எழுந்தன. ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்விக் கல்லூரி தோன்றியது. அந்த மலைகளிலேயே பிறந்தவர்கள் அந்த மலைகளிலேயே ஆசிரியராயினர். மலையகத்தின் கல்வி உயர்வைப் பற்றிப் பேசுவோர் கட்டடங்களையே முதலிற் காட்டுகிறார்கள். நான் ஆசிரியர்களைக் காட்டுவேன். லயத்திலிருந்து வந்து கரும்பலகை முன் நிற்கும் ஓர் ஆசிரியையைப் பார்க்கும் பெண்பிள்ளைக்குச் சட்டப் புத்தகம் எதுவும் தேவையில்லை.

இனி, இலவசம் என்ற சொல்லுக்குள் என்ன அடங்கும் என்பதையும் சற்றுப் பார்ப்போம். கட்டணம் இல்லை என்பது மட்டுந்தானா? பசித்த வயிற்றோடு இருக்கும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதைப் பழைய அதிகாரிகளே உணர்ந்திருந்தார்கள். மத்தியான உணவுத் திட்டம் பல வடிவங்களில் வந்தும் போயும் இருக்கிறது. பாடசாலையிற் கொடுத்த பாலையும் பணிஸையும் எண்ணி இன்றைக்கும் முகமலரும் பெரியவர்கள் நம்மிடையே பலர்; அந்தப் பணிஸுக்காகவே பள்ளிக்குப் போனோம் என்று சிலர் ஒளிக்காமற் சொல்வார்கள். 1980இற் பாடநூல்கள் இலவசமாயின. 1993இற் சீருடைத் துணி இலவசமாயிற்று. பஸ் பருவச் சீட்டுக்குச் சலுகை உண்டு. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 57.8 ஆக இருந்தனர், 2012இல் 95.7 ஆயினர். கணக்கில் எடுத்த வயதெல்லை சற்று வேறுபட்டாலும், ஏற்றத்தின் அளவு ஐயத்துக்கு இடமற்றது. நம்மிலும் செல்வம் மிகுந்த நாடுகள் சில இதை எட்டப் பின்னும் நெடுங்காலம் எடுத்தன.

ஆனால் கட்டாயம் என்ற மற்றச் சொல் எங்கே போயிற்று? 1939ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கான அதிகாரத்தைக் கொடுத்ததென முன்னர்க் குறிப்பிட்டேன். ஐந்து வயது முதற் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் வரவைக் கட்டாயமாக்கும் விதிகள், அந்த அதிகாரத்தின் கீழ், 1997 நவம்பரில் வர்த்தமானியில் வெளியாகி, 1998 ஜனவரி முதல் அமுலுக்கு வந்தன. இடையிற் சென்றவை 58 ஆண்டுகள்! இதற்கு ஒரு நியாயமும் சொல்லப்பட்டது. பெற்றோர் தாமாகவே பிள்ளைகளை அனுப்புகிறார்கள், வற்புறுத்த வேண்டிய அவசியமில்லை என்பதே அது. பெரும்பாலோரைப் பொறுத்தவரை அது சரி. ஆயினும், அழைப்பிதழை எல்லார்க்கும் அனுப்பிவிட்டு, வராதவர் ஏன் வரவில்லை என்று விசாரியாமல் இருப்பது போன்றதே அது. வராதவர்கள் எங்கே இருந்தார்கள்? தோட்ட லயத்திலே, பட்டினத்துச் சேரியிலே, மீன்வாடியிலே, போர் துரத்திய அகதி முகாமிலே, பிறர் வீட்டு அடுப்படியிலே.

2016 ஏப்ரலில் கட்டாய வயது பதினாறாக உயர்த்தப்பட்டது. மகிழ்ச்சி. ஆனால், 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தொழிற் சட்டத்தில் வேலைக்கு அமர்த்தக்கூடிய வயது பதினான்காகவே நின்றது. அதைப் பதினாறாக உயர்த்தியது 2021ஆம் ஆண்டில். கல்வி அமைச்சும் தொழில் அமைச்சும் கொழும்பில் ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கவில்லை. இருந்தும் ஒரே வயதைக் குறிக்க அவற்றுக்கு ஐந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. நான் கண்ட பையன் அந்த இடைவெளியிலே அகப்பட்டவன்.

கல்விக்கு அரசாங்கம் செலவிடும் பணம் எங்கே போக வேண்டும் என்ற விவாதமும் அடிக்கடி எழுகின்றது. நம் நாட்டில் முதற் பட்டம் வரை அரசாங்கப் பல்கலைக்கழகங்களிற் கட்டணம் இல்லை. அதற்கு மேற்பட்ட படிப்புக்குப் பொதுவாகக் கட்டணம் உண்டு. உதாரணமாக, ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து 1986இல் நிறுவப்பட்ட முகாமைத்துவப் பட்டப்பின் நிறுவனம், தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளும் முறையில் நடக்கின்றது. வர்த்தகத் துறை ஆராய்ச்சியின் பயனைப் பெறும் கம்பனிகளும் உத்தியோகத்தரும் அதற்குச் செலவு செய்வது நியாயமே. ஏழை நாடுகளில், ஆரம்பக் கல்வியில் இடும் முதலுக்கே சமுதாயத்துக்கு மிகுந்த பலன் கிடைக்கிறது என்று பொருளியலறிஞர் சக்கரோபுலஸ் 1970கள் முதல் பல நாட்டுக் கணக்குகளைக் கொண்டு எழுதி வந்தார். அவர் கணக்கைப் பின்வந்தோர் பலவாறு குறைகூறியிருக்கிறார்கள்; எனினும் முதற்படியைப் பழுதாக விட்டு மேற்படியை மெருகிடலாகாது என்பதில் எனக்கு வேறு கருத்தில்லை. இன்னொன்றும் சொல்வேன். தேயிலை உற்பத்தி ஏன் பெருகவில்லை, தொழிலாளர் ஏன் தோட்டத்தை விட்டுப் போகிறார்கள் என்றெல்லாம் முகாமைத்துவ ஆராய்ச்சியாளர் கேட்கிறார்கள். தோட்டப் பாடசாலையின் எட்டாம் வகுப்பில் ஆண்பிள்ளைகள் ஏன் குறைகிறார்கள் என்பதையும் அவர்கள் தங்கள் வினாக்களோடு சேர்த்துக்கொண்டால், விடைகள் ஒன்றுக்கொன்று துணையாகும்.

அந்த வினாவுக்கு விடையில் ஒரு பகுதி என்னிடமே இருக்கிறது. தேநீர்க் கடைப் பையனிடமிருந்து பெற்றது. கடைக்காரர் உள்ளே போன சமயத்தில் அவனோடு சிறிது பேசினேன். தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். தோட்டத்துப் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்போடு முடிவு. மேற்படிப்புக்குப் பட்டினத்துப் பாடசாலைக்கு வர வேண்டும். காலையில் வரும் பஸ் ஒன்றே; தவறினால் ஐந்து மைல் நடை. பாடசாலையிலே கட்டணம் கேட்டார்களா என்று விசாரித்தேன். கட்டணம் இல்லை, வசதிக் கட்டணம் உண்டு, அபிவிருத்திச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும், பிறகு சப்பாத்து, கொப்பி, ரியூஷன் என்று அடுக்கினான். "உன் சம்பளத்தை என்ன செய்கிறாய்?" என்றேன். தங்கை ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ரியூஷன் வகுப்புக்குப் போகிறாள். அதற்கு மாதந்தோறும் கொடுக்கிறேன் என்றான்.

நேயர்களே, சற்று நினைத்துப் பாருங்கள். ஏழைப் பிள்ளை பணமின்றிப் படிக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்ட பரீட்சை அது. அந்தப் பரீட்சைக்கு ஒன்பது பத்து வயதுப் பிள்ளையை ஆயத்தஞ் செய்வதற்கு, பதினைந்து வயதுப் பிள்ளை பாடசாலையை விட்டுக் குவளை கழுவுகிறான். அவனை யாரும் வற்புறுத்தவில்லை. வீட்டிலே கணக்குப் பார்த்திருக்கிறார்கள். இருவரில் ஒருவர்தான் ஏறலாம் என்று கண்டிருக்கிறார்கள்.

இவ்வாறான பிள்ளையின் தந்தைக்கு அபராதம் விதித்தால் என்ன நடக்கும்? இங்கிலாந்தில் 1880இல் நடந்ததே இங்கும் நடக்கும். ஆகையாற்றான், கட்டாய வரவு விதிகளை இயற்றியபோது, நீதிமன்றத்துக்கு முன்பாக ஒரு படியை வைத்தார்கள். கிராம சேவையாளர் பிரிவுகளிலே பாடசாலை வரவுக் குழுக்கள் அமைந்து, வராத பிள்ளையின் வீட்டுக்குச் சென்று காரணத்தைக் கேட்டறிந்து, இயன்ற பரிகாரத்தைத் தேட வேண்டும் என்பது ஏற்பாடு. இக்குழுக்கள் சில இடங்களில் நன்றாக இயங்கின. வேறு பல இடங்களில் அப்படி ஒன்று இருப்பதே ஊராருக்குத் தெரியாது. உங்கள் பிரிவில் அது கூடுகிறதா என்பதைக் கிராம சேவையாளரிடம் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருப்போரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் வழி உண்டு. அதைத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லலாம்.

2020ஆம் ஆண்டு தை மாதத்தில் அந்தப் பட்டினத்துக்கு மறுபடியும் போக நேர்ந்தது. கொரோனா நோய்க்காகப் பாடசாலைகள் மூடப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர். கடையில் வேறொரு பையன் இருந்தான், நன்கு வளர்ந்தவன். பழைய பையனைப் பற்றி விசாரித்தேன். கொழும்பிலே ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்பதாகக் கடைக்காரர் சொன்னார். தங்கை எப்படி என்று கேட்டேன். பரீட்சையில் வெட்டுப் புள்ளிக்குச் சில புள்ளிகள் குறைந்துவிட்டனவாம். இப்பொழுது ஏழாம் வகுப்பு. "பாடசாலைக்குப் போகிறாளா?" என்றேன்.

"போகிறாள் ஐயா. காலை பஸ்ஸில் நானே பார்க்கிறேன்" என்றார்.